ஒத்து போயிற்று, நாயனம் போகவில்லை

காரைக்காலில் கீபோர்டு வாசிக்கிறவருக்கு வேலை கொடுக்கும் மேடைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. தேவாலயப் பாடகர் குழு ஒரு பக்கம், கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசை ஒரு பக்கம், மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிச் சமயத்தில் இஸ்லாமியப் பாடல் கச்சேரி, ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழாவில் பக்திப் பாடல் நிகழ்ச்சி. மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக, 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர் வாழும் சின்ன மாவட்டம் இது. இத்தனை விதமான பாட்டுக்கும் கையில் இருப்பது ஒரே பெட்டி, அதற்குள் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த சில நூறு டோன். அந்த டோன்கள் இந்தப் பக்கத்துப் பாட்டுக்குப் போதவில்லை, சொந்தமாகச் செய்துகொள்ளத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் செய்யப் புறப்படுகிறவர்களில் பலர் தப்பான முனையில் ஆரம்பிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நாயனத்தின் குரலைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அது அசையும் விதத்தை விட்டுவிடுகிறார்கள். குரல் கிடைத்துவிடும். அசைவு இல்லாமல் அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கம்பெனி டோன் ஏன் போதவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒரு பட்டியலைப் பார்த்தால் போதும். எந்தக் கம்பெனி கீபோர்டானாலும் ஒரே எண்ணை அழுத்தினால் ஒரே வாத்தியம் வரவேண்டும் என்று 1991-ல் ஜெனரல் மிடி என்ற ஏற்பாடு வந்தது. மொத்தம் 128 வாத்தியங்கள். பியானோவில் மட்டும் பல வகை, ஆர்கனில் பல வகை, பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிரியமான அக்கார்டியனுக்கும் தனி இடம். இந்தியாவுக்குக் கிடைத்தது 105-ஆம் எண்ணில் சிதார், 112-ஆம் எண்ணில் ஷெனாய். அவ்வளவுதான். அந்த ஷெனாயும் ஸ்காட்லாந்துப் பைக்குழலும் ஜப்பானியக் கோட்டோவும் ஒரே 'எத்னிக்' வரிசையில் நிற்கின்றன; அதாவது மற்றவை எல்லாம் வாத்தியம், இவை எல்லாம் வேடிக்கை. வீணைகூட இல்லை. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் ஒரு பாட்டில் பழைய சுரப் பெயர்களும் கொக்கரை, தக்கை, குடமுழா, மொந்தை என்று வாத்தியப் பெயர்களும் அடுக்கடுக்காக வரும். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய அந்த அடுக்கின் பக்கத்தில் 1991-ன் பட்டியலை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்புத்தான் வருகிறது. பிற்பாடு யமஹாவும் கேசியோவும் இந்தியச் சந்தைக்கென்றே மாடல்கள் கொண்டுவந்து தம்புரா, தபலா என்று சேர்த்தன. 2019-ல் யமஹா சென்னைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலையும் திறந்துவிட்டது. டோன்களின் எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனாலும் அந்த டோன் எதை எடுத்து வாசித்தாலும், கட்டையை அழுத்தினால் சுரம் வருகிறது, விட்டால் நிற்கிறது. அடுத்த கட்டைக்குப் போகும் வழியில் ஒன்றும் நடப்பதில்லை.

வழியில் நடப்பதுதான் இங்கே பாட்டு. இதற்கு நான் காட்டும் முதல் சாட்சி நாயனக் கோஷ்டியிலேயே இருக்கிறது. பழைய புகைப்படங்களில் நாயனக்காரருக்குப் பின்னால் அதே உருவத்தில் இன்னொரு குழலை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அது ஒத்து. ஒரே சுருதியை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருப்பது அவர் வேலை. விரல் வைக்கத் துளைகூட அதில் கிடையாது, சுருதி சேர்க்க மட்டும் சில துளைகள். இன்று பெரும்பாலான கோஷ்டிகளில் அவர் இல்லை; அவர் இடத்தில் ஒரு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பெங்களூரில் ராஜ் நாராயணின் ரேடெல் நிறுவனம் 1970-களின் கடைசியில் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்ததிலிருந்து கதை அப்படித்தான் போனது. இரண்டாவது சாட்சி கோவிலுக்குள் இருக்கிறது. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் சேகண்டியும் தானே அடித்துக்கொள்ளும் மோட்டார் மேளத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதே காலத்தில் அதே கோவிலில் தவில்காரருக்குப் பதிலாக ஒரு மெஷினை யாராலும் நிறுத்த முடியவில்லை. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக்குக் கூட்டம் அலைமோதும் நாளிலும் சுவாமி புறப்பாட்டுக்கு மனிதர்தான் ஊத வேண்டியிருக்கிறது. மெஷின் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்று பார்த்தால் கோடு தெளிவாகத் தெரிகிறது. மாறாமல் நிற்கும் ஒலியை எடுத்துக்கொண்டது. மாறிக்கொண்டே போகும் ஒலியைத் தொடவில்லை. விலையோ தொழில்நுட்பமோ காரணமாக இருந்தால் இந்தக் கோடு வேறு எங்காவது விழுந்திருக்கும்.

மாறிக்கொண்டே போவது என்றால் என்ன? நாயனத்தில் ஒரு சுரத்தைத் தொடங்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. நாக்கால் ஊதுமுனைச் சீவாளியைத் தட்டித் தொடங்குவது துத்துக்காரம். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாக்கை விட்டுவிட்டு விரலால் மட்டும் சுரத்தை மாற்றுவது விரலடி. காதுக்கு இரண்டும் முற்றிலும் வேறு: முதலாவதில் சுரத்துக்கு ஒரு முனை இருக்கும், இரண்டாவதில் முனை இல்லாமல் முந்தைய சுரத்திலிருந்து வழிந்து வரும். இதற்கு மேல் துளையை அரையாகத் திறப்பது, கால்வாசி திறப்பது, உதட்டால் சீவாளியை அழுத்தி நெகிழ்த்துவது என்று நுணுக்கங்கள். மணி, சேகண்டி போல ஒரு பொருளைத் தட்டினால் ஒரு சத்தம் என்கிற கணக்கே இதில் கிடையாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இன்றுவரை பேசுகிறார்கள் என்றால், அந்தக் குழலின் நிறம் மட்டும் காரணம் இல்லை. தோடியில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு ஊசலாடும். அந்த ஊசலுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். 2012-ல் டி.எம். கிருஷ்ணாவும் விக்னேஷ் ஈஸ்வரும் சுரம், கமகம், ராக அடையாளம் பற்றி எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: கர்நாடக இசையில் சுரத்தை ஒரு புள்ளியாக வைத்து ராகத்தைப் பிடிக்க முடியாது. கணினியில் சுருதியை அளந்து வரைபடம் போட்டாலும் பல சுரங்கள் ஊசிமுனையாக வராமல் அகன்ற மேடாகத்தான் வருகின்றன.

இப்போது சிந்தசைசர் பக்கம் வருவோம். 1948-ல், காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தபோது, பாரீஸ் வானொலியில் பியேர் ஷெஃபேர் என்பவர் ஒரு மணியோசையைப் பதிவு செய்து அதன் முதல் அடியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுக் கேட்டார். மிச்சம் இருந்தது மணிபோலவே இல்லை. ஏதோ ஊதுகுழல்போல ஒலித்தது. வாத்தியத்தை அடையாளம் காண நம் காது நம்பியிருப்பது தொடக்கத்தின் சில மில்லி செகண்டுகளை என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் கிடையாது. 1987-ல் ரோலண்ட் நிறுவனம் டி-50 கீபோர்டைச் செய்தபோது இந்த உண்மையைக் காசாக்கியது: தொடக்கத்துக்கு மட்டும் நிஜ வாத்தியத்தின் குட்டிப் பதிவு, அதற்குப் பின் மெஷின் உண்டாக்கிய ஒலி. காது ஏமாந்தது. அன்றைக்கு நினைவகம் விலை அதிகம், அதனால் வந்த சிக்கனம். சிக்கனத்தில் பிறந்தாலும் யோசனை முதல்தரமானது. சொந்த டோன் செய்கிறவர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் எது என்று டி-50 அன்றே சொல்லிவிட்டது.

ஆனால் பலர் செய்வது என்ன? நல்ல நாயனப் பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு நீண்ட சட்ஜத்தை வெட்டி, சாம்பிளாக ஏற்றி, அறுபத்தொரு கட்டையிலும் பரப்பிவிடுவது. முதல் சுரத்தைக் கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். இரண்டாவது சுரத்திலேயே பல் இளிக்கும். காரணம் சாதாரணம். சாம்பிளை ஐந்து அரைச்சுரம் மேலே ஏற்றினால் அது வேகமாகவும் ஓடுகிறது; பதிவில் இருந்த மெல்லிய நடுக்கமும் வேகமாகிறது, நாக்குத் தட்டலும் சுருங்கிக் 'கிச்'சென்று கேட்கிறது. எல்லாச் சுரத்துக்கும் ஒரே தட்டல், ஒரே நடுக்கம், ஒரே வாக்கில். சாம்பிள் என்பது கருவாடு: மணம் உண்டு, ருசி உண்டு, தண்ணீரில் விட்டால் நீந்தாது. சுரத்துக்குச் சுரம் தனித்தனியாக, துத்துக்காரம் வேறு விரலடி வேறு என்று பதிவு செய்து, கணினியில் ஓட்டும் பெரிய சாம்பிள் தொகுப்புகள் செய்யப்படுகின்றன, அவை எவ்வளவோ தேவலை என்பது உண்மை. ஸ்டுடியோவுக்கு அவை சரி. அவற்றிலும் எந்த அசைவு எந்தச் சமயம் வரவேண்டும் என்பதைப் பதிவு செய்தவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார். வாசிக்கிறவர் தேர்ந்தெடுக்கிறார், உண்டாக்குவதில்லை.

உண்டாக்குவதற்கு எஃப்எம் முறை நல்ல பள்ளிக்கூடம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்து 1973-ல் கட்டுரையாக வெளியிட்டது, யமஹா 1983-ல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாக விற்றது. ஒரு அலையை இன்னொரு அலையால் அதிவேகமாக ஆட்டினால் புதுப்புது மேல்சுரங்கள் முளைக்கும் என்பதுதான் அடிப்படை. டிஎக்ஸ்7-ல் அலை உண்டாக்கும் ஆப்பரேட்டர்கள் ஆறு, அவற்றை இணைக்க 32 வழி. நிரல் எழுதக் கடினம் என்று பேர் வாங்கிய மெஷின். சர்வீசுக்கு வந்த டிஎக்ஸ்7-களில் பத்தில் ஒன்பதில் கம்பெனி டோன்களைத் தவிர ஒன்றும் இருக்காது என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான், ஆனாலும் நம்பும்படியான கதை. இன்றைக்கு அந்த மெஷினைத் தேட வேண்டியதில்லை. டெக்ஸ்ட் என்ற இலவச மென்பொருள் அதை அப்படியே லேப்டாப்பில் கொண்டுவந்துவிடுகிறது. கையில் இருக்கும் எந்தக் கீபோர்டையும் யுஎஸ்பி ஒயரில் சொருகினால் கட்டை ரெடி.

அதில் ஒரு நாயனச் சாயல் டோனைக் கட்டிப் பார்ப்போம். ஐந்தாவது இணைப்பு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு ஆப்பரேட்டரும் மூன்று ஜோடிகளாகப் பிரியும். முதல் ஜோடி உடம்பு. இரண்டு ஆப்பரேட்டருக்கும் விகிதம் 1:1. ஏன் 1:1? நாயனத்தின் உள்துளை கீழே போகப் போக அகலும் கூம்பு. கூம்புக் குழலில் ஒற்றைப்படை, இரட்டைப்படை மேல்சுரங்கள் எல்லாமே வரும், 1:1-லும் எல்லாம் வரும். 1:2 போட்டீர்களென்றால் ஒற்றைப்படை மட்டும் வந்து கிளாரினெட் வாடை அடிக்கும், ஏனென்றால் கிளாரினெட் நேர்க்குழல். இரண்டாவது ஜோடி நாக்குத் தட்டல்: அதன் என்வலப், அதாவது ஒலி எழுந்து அடங்கும் விதம், சட்டென்று எழும்பிச் சட்டென்று விழ வேண்டும், விகிதம் கொஞ்சம் உயரத்தில், கட்டையை ஓங்கி அடித்தால் மட்டும் கேட்கும்படி வெலாசிட்டி உணர்வைக் கூட்டி வையுங்கள். மூன்றாவது ஜோடியில் ஆறாம் ஆப்பரேட்டருக்கு ஃபீட்பேக் உண்டு. அதை ஏற்றினால் கரகரப்பு வரும், அது சீவாளியின் காற்று. ரொம்பக் குறைவாக. இதுவரை செய்தது நிறம், அரைமணி நேர வேலை.

அடுத்து வருவதுதான் சங்கதி. மூச்சை ஓங்கினால் நாயனம் சத்தமாக மட்டும் ஆவதில்லை, கூர்மையாகவும் ஆகிறது. ஆகவே மாட் வீல் என்ற சக்கரத்தை ஒலி அளவோடு இணைத்தால் ரேடியோவைக் கூட்டிக் குறைப்பது போலத்தான் இருக்கும். அதை முதல் ஜோடியில் ஆட்டுகிற ஆப்பரேட்டரின் அளவோடு இணைக்க வேண்டும். டிஎக்ஸ்7-ல் இதற்கு இஜி பயாஸ் என்று ஒரு வசதி உண்டு, அந்த ஆப்பரேட்டரின் ஏஎம் உணர்வை ஏற்றிவிட்டால் போதும். சக்கரத்தைத் தள்ளத் தள்ளக் குரல் திறந்துகொள்ளும். வாயில் வைத்து ஊதும் பிரெத் கன்ட்ரோலருக்கு டிஎக்ஸ்7-ல் தனி ஓட்டையே வைத்திருந்தார்கள். நாயனக்காரப் பரம்பரையில் வந்த பிள்ளை ஒருவர் கீபோர்டுக்குப் போனால் அவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இருக்க முடியாது. பிறகு டோனை மோனோவுக்கு மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒரு சுரம். ஒரு கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் என்வலப் மறுபடி தொடங்கக் கூடாது, விட்டுவிட்டு அழுத்தினால் தொடங்க வேண்டும். இந்த ஒரு அமைப்பில் துத்துக்காரமும் விரலடியும் இரண்டும் உங்கள் விரலுக்கு வந்துவிட்டன! போர்ட்டமென்டோவைச் சேர்த்து அழுத்தினால் மட்டும், மிகக் குறைந்த நேரத்துக்கு. இதைக் கூட்டிவிட்டால் சினிமாவில் பேய் வரும் காட்சிக்கு ஆகும், வேறு எதற்கும் ஆகாது.

சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் எல்லை எவ்வளவு என்பது தனிக் கேள்வி, இதில் கீபோர்டு வாசிப்பவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. கம்பெனி வைப்பது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம். தோடிக் காந்தாரத்துக்கு அதுவே சரியாக அமைந்துவிடுகிறது: காந்தாரக் கட்டையை அழுத்தினால் மேலே இரண்டில் சுத்த மத்தியமம், கீழே இரண்டில் சுத்த ரிஷபம். ஆனால் ரிஷபத்தை அழுத்தி அங்கிருந்து மேலே வளைத்து வாசிப்பவருக்கு மத்தியமத்தைத் தொட நான்கு வேண்டும். இரண்டாவது வழியில் எல்லா அசைவும் ஒரே திசையில் நடப்பதால் கை பழகுவது சுலபம் என்பது என் அபிப்பிராயம். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் நீண்ட ஜாருக்காகப் பன்னிரண்டு வைத்துக்கொள்வோரும் உண்டு. அப்போது சக்கரம் நூலளவு நகர்ந்தாலும் சுரம் ஒரு முழம் நகரும், சின்ன அசைவு கைக்கு அடங்காது. எல்எஃப்ஓ என்ற தானியங்கி நடுக்கத்தை அணைத்தே விடுங்கள். அது சுரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சமமாக, ஒரே வேகத்தில் ஆட்டும். நம் கமகங்களில் ஒன்றான கம்பிதம் அப்படி ஆடாது. சமமாக ஆடும் எதையும் நம் காது அந்நியமாகக் கேட்கிறது, ஏனென்று சொல்லத் தெரியாதவரும் முகத்தைச் சுளிப்பார்.

இங்கே பெரியவர்கள் குறுக்கிடுவார்கள். கட்டை வைத்த வாத்தியத்தில் கமகம் வராது, ஆர்மோனியம் விஷயத்தில் இது தீர்ந்த வழக்கு என்று. 1840-களில் பாரீசில் அலெக்சாந்தர் தெபேன் உரிமம் வாங்கிய வாத்தியம் நம் நாடகக் கொட்டகைகளை எல்லாம் ஆண்டதும், 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டதும், முப்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தடை நீடித்ததும் தெரிந்த வரலாறு. தடை போட்டவர்கள் சொன்ன குறை நியாயமானதுதான்: இரண்டு கட்டைக்கு நடுவே ஆர்மோனியத்தில் பாதை இல்லை. ஆனால் அந்தக் குறையைச் சிந்தசைசர் மேல் அப்படியே தூக்கிப்போட முடியாது. மிடியில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் இருக்கின்றன, பாதை தாராளம். சென்னையில் கீபோர்டு சத்யநாராயணன் இந்தச் சக்கரத்தை வைத்தே கர்நாடகக் கச்சேரிகள் செய்துவருகிறார். உலகத்தில் எந்த டோனை வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ஏ.ஆர். ரஹ்மான் என்ன செய்தார்? 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா து' பாட்டில் ஹாக்கன் கன்டினுவம் வாசித்தார். கட்டையே இல்லாமல், வழவழப்பான பரப்பில் விரலை இழுத்து வாசிக்கும் கருவி அது. அவருக்குக் குறையாகப் பட்டது டோனா, அசைவா என்பதற்கு அந்தத் தேர்வே பதில். பெரியவர்களின் குற்றச்சாட்டில் ஒரு பாதியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: சக்கரத்தைத் தொடாமல் கம்பெனி டோனை மட்டும் மாற்றி மாற்றி வாசிப்பவர் கையில் சிந்தசைசர் ஆர்மோனியம்தான்.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். பிரச்சினை அசைவில் இல்லை, சுருதியில் இருக்கிறது. பன்னிரண்டு சம பாகத்தை விட்டுவிட்டு இருபத்திரண்டு சுருதிக் கணக்கில் கட்டைகளைத் திருத்தினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். இதற்கு ஆதரவாக அரபு நாடுகளைக் காட்டுவார்கள். நல்ல உதாரணம்தான். கால்சுரம் இல்லாமல் மகாம் வாசிக்க முடியாது என்று அங்கே கேட்டு வாங்கினார்கள். கோர்க், யமஹா இரண்டும் 'ஓரியண்டல்' மாடல்களில் கட்டைக்குக் கட்டை சுருதி திருத்தும் வசதியை மேடையில் தட்டி மாற்றும்படி கொடுத்தன. நம் ஆட்களும் கேட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிலையாக நிற்கும் சுரத்துக்குத்தான் நிலையான திருத்தம் உதவும். சங்கராபரணத்தில் நின்று ஒலிக்கும் அந்தர காந்தாரத்தைச் சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) இறக்கி வைத்தால் சுருதிப் பெட்டியோடு இதமாகச் சேரும். செய்து பார்க்க வேண்டிய காரியம். தோடிக் காந்தாரத்தை எத்தனை சென்ட்டில் வைப்பீர்கள்? நான்கு அரைச்சுர அகலத்தில் திரிகிற ஒன்றுக்கு எண் கொடுக்க முடியாது.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் வேறு. நாயனத்தைக் கீபோர்டில் கொண்டுவந்தால் நாயனக்காரர் பிழைப்பு என்ன ஆகும்? ஒத்து ஊதியவர் காணாமல் போனதை மேலே நானே சொல்லியிருக்கிறேன், ஆகவே இதைத் தட்டிக் கழிக்க முடியாது. மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற குடும்பங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 2022-ல் அந்த நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது கௌரவம்தான், அதுவே வருமானம் ஆகிவிடாது. என் பதில் இரண்டு பகுதி. மண்டபத்தில் நாயனத்தின் இடத்தைப் பிடித்தது சிந்தசைசர் நாயனம் இல்லை. பென் டிரைவில் ஓடும் பதிவு செய்த கெட்டிமேளம். அதைத் தடுக்க டோன் செய்யாமல் இருப்பது உதவாது. இரண்டாவது, நாயனமே இப்படித் திருத்தித் திருத்தி வந்த வாத்தியம். சுத்த மத்தியமம் சரியாகப் பேசவில்லை என்பதற்காக ராஜரத்தினம் பிள்ளைக்கு நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி புதிதாகப் பாரி நாயனம் செய்து கொடுத்தார். வாசிப்பவர் குறை சொல்ல, செய்பவர் துளையை நகர்த்த, மறுபடி ஊதிப் பார்க்க என்று நடந்த அந்த வேலைக்கும் என்வலப்பைத் திருத்தும் வேலைக்கும் நோக்கத்தில் வித்தியாசம் கிடையாது. இதில் நான் போடும் நிபந்தனை ஒன்று உண்டு. கீபோர்டில் செய்கிற டோன் நாயனத்தின் நகலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே கட்டிய டோனில் மூன்றாம் ஜோடியை எடுத்துவிட்டு, முதல் ஜோடியின் கூர்மையைக் குறைத்துப் பாருங்கள்: எந்த வாத்தியத்தின் பேரும் சொல்ல முடியாத, ஆனால் தோடி பாடத் தெரிந்த ஒரு குரல் கிடைக்கும். நாயனக்காரருக்குப் போட்டியாகாமல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க அதுதான் லாயக்கு. யமஹா 1994-ல் விஎல்1 என்று ஒரு மெஷின் செய்தது. சீவாளி, மூச்சழுத்தம், குழல் நீளம் எல்லாவற்றையும் கணக்காகப் போட்டு ஒலி உண்டாக்கும். விலை எட்டாத உயரம், பெரிதாக ஓடவில்லை. ஓடியிருந்தால் நகலா, புதிதா என்ற இந்த விவாதம் நமக்கு முப்பது வருஷம் முன்பே வந்திருக்கும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். மேடையில் பாட்டுக்குப் பாட்டு படத்தில் கேட்ட டோன்தான் வேண்டும், ஜனம் அதைத்தான் கேட்கிறது. உண்மை. அதேபோல தேவாலயப் பாடகர் குழுவுக்கு நாலு குரலில் ஒத்திசைவு வேண்டும், அதற்குக் கம்பெனி ஆர்கனைவிட நல்லது எதுவும் வேண்டாம். அங்கே போய் மோனோ டோனை எடுத்தால் அடி விழும். சொந்த டோன் எல்லா மேடைக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராகம் இழையும் பாட்டு வரும் இடத்துக்கு இரண்டே இரண்டு டோன் போதும், ஒன்று ஊதுகிற ஜாதி, ஒன்று மீட்டுகிற ஜாதி. இன்னொரு தடங்கல் கருவி. விலை குறைந்த மாடல்களில் பிட்ச் சக்கரமே கிடையாது, டோன் திருத்தும் வசதியும் பெயருக்குத்தான். கீபோர்டு வாங்கப் போகிறவர் எத்தனை டோன், எத்தனை ஸ்டைல் என்று கேட்பதை விட்டுவிட்டுச் சக்கரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

தாள வாத்தியக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட வெகு முன்னால் போய்விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரோலண்ட் பேடை வைத்திருப்பவர்கள் தவில், பறை, உடுக்கை என்று தங்கள் கிட்டைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள், ஒருவருக்கொருவர் கொடுத்தும் வாங்கியும் கொள்கிறார்கள். அடி வாத்தியத்துக்குச் சாம்பிள் ஓரளவு ஒத்துப்போகும், அதனால் அவர்களுக்குச் சுலபமாயிற்று என்பது வேறு. தவிலில் வலந்தலையை விரல்கூட்டால் அடிப்பதும் தொப்பியைக் கழியால் அடிப்பதும் தனித்தனிச் சொற்கள், தனித்தனிப் பேடில் வைக்கலாம். கீபோர்டுக்காரர்களுக்குள் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இந்தப் பக்கம் வளரவில்லை. கொடுப்பதில் கஷ்டமும் இல்லை. டிஎக்ஸ்7 கணக்கில் ஒரு டோனுக்கு 128 பைட், 32 டோன் சேர்ந்த ஒரு தொகுப்பு 4,096 பைட். வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படத்தின் எடையில் பல தொகுப்புகளை அடக்கிவிடலாம். காரைக்கால், நாகூர், திருவாரூர் பக்கத்தில் பத்துப் பேர் ஆளுக்கு மூன்று டோன் செய்தாலே ஒரு தொகுப்பு கிட்டத்தட்ட நிரம்பிவிடும். திருவாரூர்க் கோவிலின் பஞ்சமுக வாத்தியத்துக்கு ஒரு இடம் கட்டாயம் ஒதுக்கவேண்டும். ஐந்து முகத்துக்கும் ஐந்து குரல், எஃப்எம்முக்கு அல்வா மாதிரியான வேலை. டோனுக்குப் பேர் வைப்பதில் மட்டும் ஒரு சிக்கல்: பத்து எழுத்துக்கு மேல் அந்த மெஷின் ஏற்காது, அதுவும் ஆங்கில எழுத்து. காரைக்கால் எட்டில் அடங்கிவிடுகிறது. திருநள்ளாறு பதினொன்று ஆகிறது, எந்த எழுத்தை விடுவது என்று அந்தப் பத்துப் பேரே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.